ஆனந்த குமாரசுவாமி: கண்டிக் கிராமங்களில் கற்ற எளிமை

கொழும்பிலிருந்து கண்டிக்கு வருபவர்களுக்குக் கடுகண்ணாவைதான் வாசல். விடுமுறை முடிந்து பாடசாலைக்குத் திரும்பிய நாட்களில் புகையிரதம் மெதுவாக மலையேறுவதையும், பள்ளத்தாக்குக்கு அப்பால் பைபிள் பாறை தெரிவதையும், கோபுரம் போல் நிற்கும் டோசன் நினைவுத்தூணையும் பார்த்து வந்தவர்கள் எம்மில் பலர். இன்று ரொறன்ரோவிலோ இலண்டனிலோ மெல்பேர்னிலோ இருந்து இந்த மலரைப் புரட்டும் சகோதரிகளுக்கும் அந்த ஏற்றம் மறந்திருக்காது.

அந்த வாசலைத் தாண்டிக் கண்டிப் பக்கமாகச் சிறிது தூரம் வந்து பிலிமத்தலாவையில் கிளைவீதியில் திரும்பினால் கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்க என்னும் மூன்று பழைய ஆலயங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. மூன்றும் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கடலாதெனியவைக் கட்டிய சிற்பாசாரியின் பெயர் கணேஸ்வராசாரி. லங்காதிலகவின் பாறையில் சிங்களத்தோடு தமிழிலும் கல்வெட்டு உண்டு. எம்பெக்க கதிர்காமக் கடவுளுக்குரிய தேவாலயம். இன்றைக்கு 100 ஆண்டுகளுக்கும் முன்னர் இந்தக் கண்டி நாட்டுக் கிராமங்களில் குறிப்பேட்டோடு நடந்து திரிந்த ஒரு தமிழரைப் பற்றியதே இக்கட்டுரை. எமது வீடுகளில் பொருள் நிறைந்து, நாளில் நேரம் குறைந்து, மனம் களைத்திருக்கும் இக்காலத்தில் அவருடைய வாழ்க்கை எமக்குச் சொல்வதற்குச் சில செய்திகளை வைத்திருக்கிறது.

ஆனந்த கெந்திஷ் குமாரசுவாமி 1877ஆம் ஆண்டு ஓகஸ்ட் 22ஆம் திகதி கொழும்பில் பிறந்தார். தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி சட்டவறிஞர், சட்டசபை உறுப்பினர், அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். தாயார் எலிசபெத் பீபி ஆங்கிலேயப் பெண்மணி. சேர் பொன்னம்பலம் இராமநாதனுக்கும் சேர் பொன்னம்பலம் அருணாசலத்துக்கும் ஆனந்தர் தாய்மாமன் மகன். அவருக்கு இரண்டு வயது நிறையுமுன்னே, 1879 மே மாதத்தில் தந்தையார் காலமானார். பிள்ளை இங்கிலாந்தில் தாயாரிடம் வளர்ந்தது. வைக்கிளிப் கல்லூரியிலும் பின்னர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் படித்து, நிலவியலிலும் தாவரவியலிலும் பட்டம் பெற்றார். 1902இல் எதெல் பாற்றிட்ஜ் என்னும் பெண்ணை மணந்தார். அடுத்த ஆண்டே இலங்கைக் கனிமவள ஆய்வுப் பகுதியின் பணிப்பாளராகப் பொறுப்பேற்றுத் தந்தை நாட்டுக்குத் திரும்பினார். அப்போது அவருக்கு வயது 25.

கல்லையும் கனிமத்தையும் தேடுவதே அவருடைய உத்தியோகம். தோரியனைற் என்னும் கனிமம் உலகுக்குத் தெரியவந்தது அவருடைய ஆய்வின் பயனாகத்தான். அந்தப் பணிகளுக்காக 1906இல் இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. ஆனால் ஊர் ஊராகப் போன அந்தப் பயணங்களில் அவர் கண்ணில் பட்டது கல் மட்டுமல்ல. பித்தளை வார்ப்பவர், மண்பாண்டம் வனைபவர், பாய் இழைப்பவர், தறி நெய்பவர், விகாரைச் சுவருக்கு வண்ணம் தீட்டுபவர் என்று கண்டிப் பகுதியின் கைவினைஞர்களைத் தேடித்தேடிச் சந்தித்தார். அவர்கள் பயன்படுத்திய கருவி, அளவு, வாய்ப்பாடு எல்லாவற்றையும் எழுதி வைத்தார்.

அங்கே அவர் கண்டுகொண்டது இதுதான். பழைய கண்டி இராச்சியத்தில் கைவினைஞனுக்குக் கூலிக்குப் பதிலாக நிலம் கொடுக்கப்பட்டிருந்தது. அரண்மனைக்கோ கோயிலுக்கோ அவன் செய்த ஊழியத்துக்கு ஈடு அந்த வயல். வீட்டுக்குச் சோறு நிச்சயம். ஆகவே விரைவாகச் செய்து அதிகமாக விற்க வேண்டிய நெருக்கடி அவனுக்கு இல்லை. ஒரு பொருளுக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரத்தை அவனால் கொடுக்க முடிந்தது. பாக்குவெட்டியானாலும் சுண்ணாம்புப் பெட்டியானாலும் அது தினமும் கையில் எடுக்கப்படும் பொருள். அதனாலேயே அதை அழகாகவும் உறுதியாகவும் செய்தார்கள். அழகுக்கு ஒரு பொருள், பாவனைக்கு வேறு பொருள் என்ற பிரிவு அந்த வீடுகளில் இருக்கவில்லை. சாமான் குறைவு, ஆனால் இருந்த ஒவ்வொன்றும் நல்லது.

குமாரசுவாமி வந்தபோது அந்த வாழ்க்கை குலைந்துகொண்டிருந்தது. அரசுக்குச் செய்யும் இராசகாரிய ஊழியம் 1832இல் ஒழிக்கப்பட்டிருந்தது. 1867இல் புகையிரதம் கண்டியை எட்டிய பின் ஆலைத்துணியும் செயற்கைச் சாயமும் இந்தக் கடுகண்ணாவை ஏற்றத்தால் மலிவாக மேலே வந்தன. தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. 1905இல் அவர் கண்டித் தலைவர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, பழைய கட்டடங்களையும் கைத்தொழில்களையும் காக்கும்படி வேண்டினார். அதே ஆண்டில் கண்டியிலிருந்து ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டு, ஐரோப்பிய உடையையும் பழக்கத்தையும் யோசனையின்றிக் கடன் வாங்குவதைக் கண்டித்தார். இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கமும் அவ்வாண்டிலேயே தோன்றியது. அதன் தலைவர் அவரே. மேல்நாட்டார் செய்கிறார்கள் என்பதற்காக ஒன்றைச் செய்யக்கூடாது, எமக்குப் பொருந்துமா என்று பார்த்தே எடுக்க வேண்டும் என்பது அச்சங்கத்தின் அடிப்படை நோக்கம்.

இவ்விடத்தில் எதெலைப் பற்றிச் சொல்லாமல் போனால் குறை. அந்தக் கிராமப் பயணங்களில் அவரும் உடன் போனார். நூலுக்கு வேண்டிய புகைப்படங்களில் பலவற்றை எடுத்தார். கண்டியத் தையல் வேலைப்பாட்டையும் நெசவையும் தனியாக ஆராய்ந்தார். சில ஆண்டுகளின் பின் அந்த மணவாழ்வு முறிந்தது. ஆனால் இங்கே பார்த்த தறி அவரை விடவில்லை. பிற்காலத்தில் எதெல் மைரெற் என்ற பெயரோடு இங்கிலாந்தின் டிச்சிலிங் கிராமத்தில் நெசவுப்பட்டறை அமைத்து, தாவரச் சாயங்களைப் பற்றி 1916இல் நூல் எழுதி, பல இளம்பெண்களுக்குத் தொழில் கற்பித்தார். கைத்தொழில் வடிவமைப்புக்காக இங்கிலாந்தில் வழங்கப்படும் உயர்ந்த பட்டத்தைப் பெற்ற முதற்பெண் அவரே. 1952இல் காலமாகும்வரை அந்தப் பணியிலேயே நிலைத்திருந்தார்.

1907இல் இருவரும் இங்கிலாந்து திரும்பி, புரோட் காம்டன் என்னும் ஊரில் ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தைத் திருத்தி வீடாக்கிக் குடியேறினர். அங்கேதான் மத்தியகாலச் சிங்களக் கலை என்னும் பெருநூல் அச்சாகியது. வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய கையச்சு இயந்திரத்தில், குமாரசுவாமி பக்கத்தில் நின்று கவனிக்க, ஏறக்குறைய 15 மாதங்கள் எடுத்து, 1908 முடிவில் 425 பிரதிகள் வெளிவந்தன. அவசரமின்றிச் செய்யும் வேலையைப் போற்றிய நூலை அவசரமின்றியே அச்சிட்டார்கள்.

பின்னர் இந்தியாவில் ஊர் ஊராகச் சென்று ஓவியங்களையும் சிற்பங்களையும் சேகரித்தார். 1917இல் அந்தச் சேகரிப்பு அமெரிக்காவின் பொஸ்டன் நுண்கலை நூதனசாலைக்குப் போனது. அதன் பொறுப்பாளராக அவரும் போனார். அடுத்த 30 ஆண்டுகள் அங்கேயே கழிந்தன. நூதனசாலையில் வேலை செய்துகொண்டே அவர் திரும்பத் திரும்ப எழுதிய கருத்து ஒன்று உண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொருளெல்லாம் ஒரு காலத்தில் யாரோ சமைக்கவும் உடுக்கவும் வழிபடவும் பயன்படுத்தியவை. நல்ல பொருளை விடுமுறை நாளில் போய்ப் பார்த்துவிட்டு, வீட்டில் நல்லதல்லாத பொருள்களோடு வாழ்வது பிழையான ஏற்பாடு என்பது அவர் எண்ணம். மனிதன் தன் வேலையில் மனம் வைக்க முடியாதபோது, அந்த வெறுமையை நிரப்பப் பொருளையும் பொழுதுபோக்கையும் தேடுகிறான் என்றும் அவர் கருதினார். இன்று நாம் மன அழுத்தம் என்று சொல்வதன் ஒரு வேரை அவர் அப்போதே தொட்டுவிட்டார்.

அவரைக் குறையற்றவராகக் காட்ட வேண்டியதில்லை. எளிமையைப் பற்றி எழுதியவரின் சொந்த வாழ்க்கை எளிமையானதாக இருக்கவில்லை. நான்கு முறை மணம் செய்தார். தந்தையார் விட்டுச்சென்ற செல்வம் இல்லாதிருந்தால் அந்தத் தேடலும் சேகரிப்பும் நடந்திருக்குமா என்பது ஐயமே. சாதிவழித் தொழில்முறையை அவர் பரிவோடு பார்த்தார். அதற்குள் அடைபட்டிருந்தவர்கள் அவ்வாறு பார்த்திருக்க மாட்டார்கள். எழுத்தறிவைப் பரப்புவதே நாகரிகம் என்ற எண்ணத்தையும் அவர் சந்தேகித்தார். ஏடு படிக்காமலே புராணமும் பாட்டும் அறிந்திருந்த முதியவர்களை அவர் மனத்தில் வைத்திருந்தார். அதில் உண்மை உண்டு. ஆனாலும் பாட்டிமாருக்குக் கிடைக்காத பாடசாலை எமக்குக் கிடைத்ததால் வாழ்வு மாறியவர்கள் நாங்கள். இந்த இடத்தில் அவரோடு உடன்படுவது கடினம்.

இன்னொன்றும் உண்டு. அவர் கண்டிக் கிராமங்களில் திரிந்த அதே காலத்தில், இதே மலைநாட்டின் தேயிலைத் தோட்டங்களில் எம்மில் பலருடைய முன்னோர் லயக் காம்பராக்களில் வாழ்ந்தார்கள். அவர்களிடமும் பொருள் குறைவுதான். அதை எளிமை என்று சொல்ல முடியாது. எளிமை ஒருவர் விரும்பி எடுப்பது. வறுமை ஒருவர்மேல் சுமத்தப்படுவது. இந்த வேறுபாட்டை மறந்து எளிமையைப் பற்றிப் பேசுவது எமக்குப் பொருந்தாது.

1930களில் குமாரசுவாமியின் எழுத்து தத்துவத்தின் பக்கம் திரும்பியது. தம்மைப் பற்றிய பேச்சைக் குறைத்துக்கொண்டார். மலாயாவில் வாழ்ந்த துரைராஜசிங்கம் என்னும் அன்பர் அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளை ஆர்வத்தோடு கேட்டெழுதியபோது, தன் வரலாறு எழுதுவது தமது கொள்கைக்கு ஒவ்வாது என்று மறுத்துவிட்டார். வேலை நிற்கட்டும், செய்தவன் பெயர் முக்கியமில்லை என்ற பழைய சிற்பாசாரிகளின் வழியையே அவரும் எடுத்தார். ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டையும் படம் பிடித்து ஊருக்குக் காட்டும் எமது காலத்துக்கு இது புதுமையாகத் தோன்றலாம். ஆனால் தன்னைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற சுமையை இறக்கி வைப்பதும் ஓர் எளிமைதான்.

1947 ஓகஸ்ட் 22ஆம் திகதி அவருக்கு 70 வயது நிறைந்தது. பொஸ்டனில் நண்பர்கள் விருந்து வைத்தார்கள். அந்த விருந்தில், தாமும் மனைவி லூயிசாவும் இந்தியாவுக்குத் திரும்பி எஞ்சிய காலத்தை அங்கேயே கழிக்கப்போவதாக அறிவித்தார். எழுத்தையும் பதவியையும் விட்டு, அமைதியாக, கொஞ்சத்தோடு வாழ வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். 18 நாட்கள் கழித்து, செப்டெம்பர் 9ஆம் திகதி, அவர் வாழ்ந்த நீடம் நகரில் காலமானார். பயணம் நடக்கவில்லை.

அவருடைய வாழ்க்கையில் என் மனத்தை அதிகம் தொட்ட இடம் இதுதான். எளிமையைப் பற்றி இவ்வளவு அறிந்தவரும் அதன் ஒரு பங்கை ஓய்வுகாலத்துக்கென்று ஒதுக்கி வைத்தார். நாமும் அப்படித்தான் சொல்கிறோம்: பிள்ளைகள் படித்து முடியட்டும், வீட்டுக்கடன் தீரட்டும், பென்சன் எடுக்கட்டும், பிறகு நிம்மதியாக இருக்கலாம்.

எம்பெக்கவுக்குப் போனவர்கள் அங்கே மேள மண்டபத்தின் கூரையை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். ஒரு முனையில் 26 கைமரங்கள் ஒன்றுகூடும் இடத்தை ஒரே ஒரு பெரிய மர ஆணி பிடித்து வைத்திருக்கிறது. எமது நாளிலும் பலவற்றைத் தாங்கும் ஒன்று எது என்று கண்டுகொண்டால், மற்றவற்றில் எதை விடலாம் என்பது தெரிந்துவிடும். அதை ஒரேநாளில் செய்ய வேண்டியதில்லை. அலுமாரியில் ஒரு தட்டைத் திறந்து, பாவனையில் இல்லாததை வேண்டியவருக்குக் கொடுக்கலாம். விருந்தினருக்கென்று பூட்டிவைத்த நல்ல கோப்பையை எடுத்து அதில் இன்றைய தேநீரைக் குடிக்கலாம். ஒரு பாயோ பானையோ வாங்கும்போது, அதைச் செய்தவர் கையிலிருந்தே, அவர் சொன்ன விலைக்கு வாங்கலாம். சமைக்கும்போது சமையலை மட்டும் செய்யலாம். வீட்டை எளிமையாக்கும் வேலையையும் வீட்டுப் பெண்ணின் தலையில் இன்னொரு கடமையாகப் போடாமல், வீட்டார் எல்லோரும் பங்கிட்டுக்கொள்ளலாம்.

அடுத்த முறை ஊருக்கு வரும் சகோதரிகள் கண்டிக்கு விரையும் வழியில் பிலிமத்தலாவையில் ஒருமுறை திரும்புங்கள். வீதியோரத்துப் பித்தளைக் கடைகளைத் தாண்டி உள்ளே போனால், அவர் நடந்த கிராமங்களும் பார்த்த தூண்களும் இருக்கின்றன. ஒரு முற்பகல் போதும், அவசரப்படாமல் பாருங்கள்.