பேராசிரியர் இராதாகிருஷ்ணன்

திருத்தணியில் 1888ஆம் ஆண்டு எளிய குடும்பத்தில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், தத்துவத்தைத் தேடிச் சென்றவரல்லர். உறவினர் ஒருவர் படித்து முடித்துக் கொடுத்தவை தத்துவ நூல்களாயிருந்தமையால், செலவில்லாத அப்பாடத்தையே சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றார். அங்குத் தம் சமயத்தின்மீது கூறப்பட்ட குறைகள் அவர் நெஞ்சைத் தைத்தன. அதற்காகக் கல்லூரியை விட்டு விலகினாரல்லர். முதுகலைப் பட்டத்துக்கு வேதாந்தத்தின் அறநெறி குறித்தே ஆய்வேடு எழுதினார். அதனைப் பாராட்டிச் சான்றளித்தவர், அக்கல்லூரியின் கிறித்தவப் பேராசிரியர் ஏ. ஜி. ஹாக். ஆசிரியர் பணியில் இருப்போர்க்கு இதனினும் கடிய சோதனை உண்டோ!

1909இல் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியரானார். 1918இல் மைசூர் சென்றார். 1921இல் அவர் கல்கத்தாவுக்குப் புறப்பட்டபோது, மைசூர் மாணவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு அவருடைய வண்டியைத் தாமே இழுத்துத் தொடர்வண்டி நிலையம் சேர்த்தனர். 1936இல் ஆக்ஸ்போர்டில் கீழை நாட்டுச் சமயங்களுக்குரிய பேராசிரியரானார். 1962 முதல் 1967 வரை குடியரசுத் தலைவராக விளங்கி, 1975 ஏப்ரல் 17இல் சென்னையில் காலமானார்.