குழலிசைச் செல்வர் சரப சாஸ்திரியார்

காவிரிக்கரை நகராகிய கும்பகோணத்தில் 1872ஆம் ஆண்டு பிறந்தவர் சரப சாஸ்திரியார். மழலைப் பருவத்திலேயே அவர் கண்ணொளியை இழந்தார். ஏடு நோக்கிப் பயில இயலாத அச்சிறுவர், தியாகராசரின் மாணவர் மரபில் வந்த கீர்த்தனங்களைச் செவிவழியே கேட்டு நெஞ்சில் நிறுத்தினார்.

அந்நாளில் குழலைத் தனியே வாசித்துக் கச்சேரி நிகழ்த்துவோர் அரியர். பாடுவோர் குரலில் குழைந்து வரும் கமகங்களை மூங்கில் துளைகளில் எழுப்புதல் கண்ணுடையார்க்கும் எளிதன்று. சாஸ்திரியாரோ துளைகளை முழுதும் மூடியும், சிறிதே திறந்தும், மூச்சைக் கூட்டியும் குறைத்தும், விரல்நுனியின் உணர்வு ஒன்றையே துணையாகக் கொண்டு அதற்கு வழி கண்டார். குழலும் கச்சேரி மேடையில் முதலிடம் பெற்றது.

1904இல், 32 வயதளவில், அவர் மறைந்தார். அவருடைய மாணவராகிய பல்லடம் சஞ்சீவராவ் அக்குழலிசையைப் பல்லாண்டுகள் மேடைதோறும் ஒலிக்கச் செய்தார்.