புகழும் நட்பும்: எம்.கே.தியாகராஜ பாகவதர் வாழ்வு தரும் படிப்பினை

நம் சங்கரன்கோவிலுக்கு அண்மையிலுள்ள செங்கோட்டையில் பிறந்து, பாட்டாலேயே நாடக மேடையை ஆண்ட எஸ்.ஜி.கிட்டப்பா 1933-இல் தம் 27-ஆம் வயதில் மறைந்தார். அதற்கு அடுத்த ஆண்டு 'பவளக்கொடி' படத்தின் வாயிலாகத் திரையில் அறிமுகமாகித் தமிழகத்தையே தம் குரலால் ஈர்த்தவர் எம்.கே.தியாகராஜ பாகவதர். புகழ் பெற்ற மனிதனுக்கு உண்மை நண்பர் யார் என்பதை அவரது வாழ்வு நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது.

1910-இல் மாயவரத்தில் பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்த அவர், திருச்சியில் வளர்ந்து, இளமையிலேயே நாடக மேடை ஏறினார். 'சிந்தாமணி', 'அம்பிகாபதி', 'அசோக்குமார்', 'சிவகவி' எனப் படங்கள் அடுத்தடுத்து வெற்றி பெற்றன. அவர் முடியலங்காரத்தைக் கூட இளைஞர்கள் பின்பற்றினர். சென்ற இடமெல்லாம் கூட்டம் சூழ்ந்தது. 1944 தீபாவளிக்கு வெளியான 'ஹரிதாஸ்', சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது.

புகழ் வளர வளர அவதூறும் உடன் வளர்ந்தது. லட்சுமிகாந்தன் என்பவர் 'இந்து நேசன்' என்னும் ஏட்டில் கலைஞர்களின் சொந்த வாழ்வைப் பற்றி இழிவாக எழுதிவந்தார். அதனை விலை கொடுத்து வாங்கியோர் வேறெங்கிருந்தோ வந்தவர்கள் அல்லர். கலைஞர்களைக் கொண்டாடிய அதே மக்களிடையேதான் அவ்வேடும் விற்றது. 1944 நவம்பரில் லட்சுமிகாந்தன் சென்னையில் குத்திக் கொல்லப்பட்டார். அக்கொலைச் சதியில் பங்குண்டு எனக் குற்றம் சாட்டப்பட்டு, பாகவதரும் அவர்தம் நண்பர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடுவும் கைதாயினர். நாயுடு விடுதலை பெற்றார். மற்ற இருவருக்கும் 1945 மே மாதத்தில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். பிராட்வே அரங்கில் அவர் குரலைக் கேட்க மக்கள் சீட்டு வாங்கிக்கொண்டிருந்தனர். குரலுக்குரியவரோ சிறையில் இருந்தார். அவருக்கென ஒப்பந்தமாகியிருந்த படங்கள் கைவிட்டுப் போயின. உதயணன் வேடம் ஜி.என்.பாலசுப்பிரமணியத்திடம் சென்றது. திரைத்தொழில் எவருக்காகவும் காத்திருக்கவில்லை.

ஆயினும் எல்லாரும் விலகிவிடவில்லை. கலைவாணரின் துணைவியார் மதுரம் அம்மையாரும் நண்பர் எஸ்.வி.சகஸ்ரநாமமும் அவருடைய கலைக்குழுவைத் தாங்கி நின்றனர். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, மறுவிசாரணைக்காக மீண்டும் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 1947 ஏப்ரலில் ஹாப்பெல், ஷஹாபுத்தீன் ஆகிய நீதிபதிகள் இருவரையும் விடுவித்தனர்.

நீதி கிடைத்தது, பழைய நிலை கிடைக்கவில்லை. பாகவதர் சொந்தமாகத் தயாரித்த 'ராஜமுக்தி' 1948-இல் வெளியாகி வரவேற்புப் பெறவில்லை. பின்வந்த படங்களும் அவ்வாறே ஆயின. நீரிழிவு நோய் உடலை வாட்டியது, கண்பார்வையும் மங்கிற்று. 1957-இல் கலைவாணர் மறைந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1959 நவம்பர் முதல் நாள் பாகவதரும் தம் 49-ஆம் வயதில் கண்மூடினார்.

கூட்டம் வேறு, நட்பு வேறு. கூட்டம் நம்மிடமுள்ள குரலையும் பொருளையும் பதவியையும் நாடி வருகிறது. அவை நீங்கினால் அதுவும் நீங்கும். இதைப் புகழ் பெற்றவர்களுக்கு உரிய பாடம் என்று மட்டும் நாம் ஒதுக்கிவிடலாகாது. நம் மஹல்லாவில் ஒருவர் மீது பழி விழும்போது நாம் என்ன செய்கிறோம்? தீர்ப்பு வருமுன்னரே தேநீர்க் கடையில் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அவர் வீட்டு விருந்தில் முன்வரிசையில் அமர்ந்தவர்களே அவர் வாசலைக் கடக்கும்போது முகம் திருப்பிக்கொள்கிறார்கள். புறம் பேசுவோர் குற்றத்தில் அதனைச் செவிமடுப்போருக்கும் பங்குண்டு என்பதை நாம் அறிவோம், நடைமுறையில் மறந்துவிடுகிறோம்.

அத்தகைய வீட்டின் கதவைத் தட்டி நலம் விசாரிக்க நம்மில் ஒருவரேனும் செல்வோமாயின், பாகவதரின் வாழ்விலிருந்து நாம் படிப்பினை பெற்றவர்களாவோம்.