நடுவில் நின்ற நண்பர்: தீனபந்து ஆண்ட்ரூஸ்

இருவர் பகைத்து நிற்கும்போது அவர்களுக்கு நடுவே செல்பவருக்கு இரு பக்கமிருந்தும் அடி விழும். சமாதானம் செய்யப் புறப்படுவோர் பலர், இந்த அடிக்கு அஞ்சியே எல்லோருக்கும் தலையாட்டத் தொடங்கிவிடுகின்றனர். வேறு சிலரோ, தாம் நேசிக்கும் ஒருவரிடம் முழுவதும் கரைந்துபோய், அவருடைய கருத்தையே தம் கருத்தாகக் கொண்டுவிடுகின்றனர். முன்னவரிடம் உண்மை இல்லை. பின்னவரிடம் தாம் நிற்பதற்கென்று ஓர் இடம் இல்லை. இந்த இரண்டு குழிகளிலும் விழாமல் முப்பத்தாறு ஆண்டுகள் நம் நாட்டில் வாழ்ந்தவர், தீனபந்து என்று மக்கள் அன்புடன் அழைத்த சார்லஸ் ஃபிரீர் ஆண்ட்ரூஸ்.

அவர் ஏசுநாதரின் பக்தர், ஆங்கிலேயர். மகாத்மா காந்தியும் ரவீந்திரநாத தாகூரும் அவரைத் தங்கள் உயிர்த்தோழராகக் கருதினர். காந்திஜியை மோகன் என்று அழைக்கும் உரிமை அவருக்கு இருந்தது. காந்திஜிக்கு அவர் சார்லி. ஆனால் காந்திஜி தவறு செய்வதாகத் தமக்குத் தோன்றியபோதெல்லாம் அதை அவர் முகத்துக்கு நேரே எடுத்துச் சொன்னவர்களுள் ஆண்ட்ரூஸும் ஒருவர்.

தந்தையின் வீடு

ஆண்ட்ரூஸ் 1871 பிப்ரவரி 12 அன்று இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பிறந்தார். பிறகு குடும்பம் பர்மிங்காமுக்குக் குடிபெயர்ந்தது. தந்தையார் ‘கத்தோலிக்க அப்போஸ்தல சபை’ என்ற சிறிய கிறிஸ்தவப் பிரிவின் குரு. தாயாருக்குப் பிறந்த வீட்டிலிருந்து வந்த சொத்து ஒன்று உண்டு. அதை நிர்வகிக்கும் பொறுப்பு தந்தையின் நெருங்கிய நண்பர் ஒருவரிடம் இருந்தது. அந்த நண்பர் அவ்வளவு பணத்தையும் சூதாட்டம் போன்ற வணிகத்தில் போட்டுத் தொலைத்துவிட்டார். குடும்பம் ஒரே நாளில் வறுமைக்கு வந்தது. அன்றைய குடும்பப் பிரார்த்தனையில் தந்தையார் தம் பிள்ளைகளின் எதிர்காலத்துக்காக வேண்டவில்லை. துரோகம் செய்த அந்த நண்பருக்காகவே மனமுருகி வேண்டினார். அவர் மீது வழக்குத் தொடுக்கவும் மறுத்துவிட்டார். சிறுவன் சார்லஸின் நெஞ்சில் இந்தக் காட்சி ஆழப் பதிந்தது. பிற்காலத்தில் தம் வாழ்வைத் திரும்பிப் பார்த்து எழுதிய நூலில், ஏசுநாதரின் போதனையைத் தாம் முதன்முதலில் கண்ணால் கண்டது அந்த இரவில்தான் என்ற பொருளில் அவர் இதை நினைவுகூர்ந்திருக்கிறார்.

இத்தகைய தந்தையிடமிருந்து விலகி நிற்பது எளிதன்று. மகனும் தம் சபையிலேயே குருவாக வருவான் என்று தந்தை நம்பியிருந்தார். கேம்பிரிட்ஜில் பெம்புரோக் கல்லூரியில் பயின்ற ஆண்ட்ரூஸுக்கோ தந்தையின் சபையுடைய கொள்கைகளை ஏற்க முடியவில்லை. அவர் இங்கிலாந்துத் திருச்சபையில் சேர்ந்தார். 1897-இல் அதன் குருவானார். தந்தைக்கு இது பெரும் வேதனை. ஆயினும் மகன் தம் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. வீட்டை விட்டு மனத்தால் அகலவும் இல்லை. வீட்டுக்கு எழுதும் கடிதங்கள் நிற்கவில்லை, பாசம் குறையவில்லை. பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இடையே கொள்கை வேறுபாடு எழும்போது நம் குடும்பங்களில் ஒன்று கதவு அடைபடுகிறது, அல்லது பிள்ளை வாய்மூடிப் பணிந்துவிடுகிறது. ஆண்ட்ரூஸ் இருபத்து நான்கு வயதளவிலேயே மூன்றாவது வழி ஒன்றைக் கண்டுகொண்டார்.

டில்லியில்

1904 மார்ச் மாதத்தில் அவர் டில்லிக்கு வந்து செயின்ட் ஸ்டீபன் கல்லூரியில் ஆசிரியரானார். அங்கே அவருக்குக் கிடைத்த பெரும்பேறு சுசீல் குமார் ருத்ரரின் நட்பு. வங்காளக் கிறிஸ்தவரான ருத்ரர் கல்லூரியின் மூத்த ஆசிரியர். 1906-இல் முதல்வர் பதவி காலியானபோது, ஆங்கிலேயர் ஒருவரே அதில் அமரவேண்டும் என்று திருச்சபையில் செல்வாக்குள்ள சிலர் கருதினர். ஆண்ட்ரூஸையே அமர்த்தலாம் என்ற எண்ணமும் இருந்தது. தகுதியும் மூப்பும் உள்ள ருத்ரர் இருக்க, நிறத்தின் காரணமாக அவரை ஒதுக்கினால் தாம் கல்லூரியில் இருக்கப்போவதில்லை என்று ஆண்ட்ரூஸ் தெரிவித்துவிட்டார். ருத்ரர் அக்கல்லூரியின் முதல் இந்திய முதல்வரானார். ஆண்ட்ரூஸ் அவருக்குக் கீழே பணியாற்றினார். தம் மேலதிகாரிகளிடம் அவர் கோபத்தைக் காட்டவில்லை. தாம் எதுவரை வருவார், எதற்குமேல் வரமாட்டார் என்பதை மட்டும் தெளிவாகச் சொன்னார். பிற்காலத்தில் டில்லி வந்தபோது காந்திஜி இந்த ருத்ரரின் இல்லத்தில் தங்கியதுண்டு.

1912-இல் லண்டனில் ஓவியர் ரோதென்ஸ்டைனின் வீட்டில் ஒரு மாலை, கவிஞர் யேட்ஸ் கீதாஞ்சலிப் பாடல்களைப் படிக்கக் கேட்டார் ஆண்ட்ரூஸ். தாகூரிடம் அவர் மனம் அன்றே சென்று சேர்ந்தது.

டர்பன் துறைமுகம்

தென்னாப்பிரிக்காவில் காந்திஜியின் சத்தியாக்கிரகம் உச்சத்தில் இருந்த நேரம். ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற ஏழை இந்தியர்கள் (அவர்களில் தமிழர் மிகப் பலர்) ஒப்பந்தம் முடிந்த பிறகும் அங்கே தங்கினால் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி கட்டவேண்டும். இந்திய முறைப்படி நடந்த திருமணங்கள் செல்லாது என்று நீதிமன்றம் வேறு தீர்ப்பளித்திருந்தது. கோகலேயின் வேண்டுகோளை ஏற்று, ஆண்ட்ரூஸ் தம் சேமிப்பு முழுவதையும் போராட்ட நிதிக்குக் கொடுத்துவிட்டு, நண்பர் பியர்சனுடன் கப்பலேறினார். 1914 ஜனவரி தொடக்கத்தில் டர்பனில் இறங்கியதும், கூட்டத்தில் காந்தி யார் என்று கேட்டறிந்து, குனிந்து அவர் பாதங்களைத் தொட்டார். ஓர் ஆங்கிலேயர், அதிலும் ஒரு குரு, இவ்வாறு செய்ததை அங்கிருந்த வெள்ளையர்களால் பொறுக்க முடியவில்லை. ஆண்ட்ரூஸ் அதற்காக வருந்தவும் இல்லை. தம்மை ஏசியவர்களின் வீடுகளுக்குச் செல்வதை நிறுத்தவும் இல்லை.

காந்திஜிக்கும் அமைச்சர் ஸ்மட்ஸுக்கும் இடையே பிரிட்டோரியாவில் பேச்சு நடந்தது. இருவரும் ஒருவரையொருவர் மதித்தனர். ஆனால் பழைய ஒப்பந்தம் ஒன்று முறிந்த கசப்பு இருந்தது. உடன்படிக்கையின் வாசகத்தில் ஓரிடத்தில் சிக்கல். அப்போது கஸ்தூரிபா கடுமையாக நோயுற்றிருப்பதாகச் செய்தி வந்தது. உடன்பாடு முடியாமல் திரும்புவதற்குக் காந்திஜி இசையவில்லை. இரு தரப்பாரும் ஏற்கத்தக்க ஒரு சொல்மாற்றத்தை ஆண்ட்ரூஸ் சிந்தித்து, காந்திஜியின் சம்மதத்தைப் பெற்று, ஸ்மட்ஸிடம் கொண்டுசென்றார். ஸ்மட்ஸ் ஏற்றுக்கொண்டார். அதே ஆண்டின் நடுவில் இந்தியர் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. 3 பவுண்டு வரி ஒழிந்தது. இந்தியத் திருமணங்கள் ஏற்கப்பட்டன. அந்தச் சாதனை காந்திஜிக்கும் சிறை சென்ற ஆயிரக்கணக்கான எளிய மக்களுக்கும் உரியது. ஆண்ட்ரூஸின் பங்கு, ஒரு சொல்லை மாற்றியமைத்தது. இரு பக்கமும் அவரை நம்பியதால்தான் அந்தச் சொல் இரு பக்கமும் செல்ல முடிந்தது. இந்த நாட்களில்தான், இங்கிலாந்தில் நோயுற்றிருந்த அவருடைய தாயார் காலமானார். அந்தத் துயரத்தில் அவரைத் தேற்றியவர்கள் கஸ்தூரிபாவும் அங்கிருந்த இந்தியத் தாய்மார்களும்.

அந்த ஆண்டிலேயே அவர் குருத்துவப் பணியிலிருந்து விலகினார். குறிப்பிட்ட கொள்கையை ஏற்காதவர்கள் அனைவரும் நித்திய நரகத்துக்கு உரியவர்கள் என்று கூறும் அத்தனாசியாரின் விசுவாசப் பிரமாணத்தை, ருத்ரரையும் தாகூரையும் காந்திஜியையும் அறிந்த பிறகு, வழிபாட்டில் நின்று உச்சரிக்க அவர் மனம் ஒப்பவில்லை. ஆனால் ஏசுநாதரை அவர் விடவில்லை. திருச்சபையைத் தூற்றவும் இல்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1936-இல், அதே திருச்சபையில் மீண்டும் குருத்துவப் பணியை ஏற்றார்.

அன்பும் மறுப்பும்

சாந்திநிகேதனம் அவருக்கு இல்லமாயிற்று. ஆனால் இல்லத்தில் தங்கியது குறைவு. 1915-இலும் 1917-இலும் பீஜித் தீவுகளுக்குச் சென்று, கரும்புத் தோட்டங்களில் இந்தியக் கூலிகள் பட்ட கொடுமைகளை உலகறியச் செய்தார். 1920 ஜனவரி 1 அன்று அங்கே எஞ்சியிருந்த கூலி ஒப்பந்தங்கள் ரத்தாயின. 1919-இல் ஜாலியன்வாலாபாக் படுகொலைக்குப் பிறகு பஞ்சாப் செல்ல முயன்றபோது, அமிர்தசரசில் ராணுவத்தினர் அவரைப் பிடித்துத் திருப்பியனுப்பினர். சில மாதங்களில் மீண்டும் சென்றார். கசையடி பட்டவர்களின் கிராமங்களுக்கு நடந்து, தம் இனத்தார் செய்த குற்றத்துக்காக மன்னிப்புக் கேட்டார்.

மன்னிப்புக் கேட்டவர், ஆங்கிலேயரை வெறுக்கும் கூட்டத்தில் சேரவில்லை. வைசிராய் மாளிகைக்கும் சென்றார். கூலிக் குடிசைக்கும் சென்றார். ஆங்கிலேயர் பலர் அவரை இனத்துரோகி என்றனர். இந்தியர் சிலரோ உளவாளி என்று ஐயுற்றனர். 1920-களின் தொடக்கத்தில் கென்யாவில் ரயிலில் சென்றபோது, அங்குள்ள இந்தியர்களுக்காகப் பேசினார் என்பதற்காக வெள்ளைக் குடியேறிகள் அவரைத் தாடியைப் பற்றி இழுத்துத் தாக்கினர். அவர்கள் மீது அவர் வழக்குத் தொடுக்கவில்லை. பர்மிங்காம் வீட்டில் அந்த இரவு கேட்ட பிரார்த்தனை நமக்கு நினைவுக்கு வருகிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: அடித்தவர்களை மன்னித்த ஆண்ட்ரூஸ், கென்யா இந்தியர்களுக்கான வாதத்தை அதற்காகக் கைவிடவில்லை. மன்னிப்பது வேறு, அநீதிக்கு இடங்கொடுப்பது வேறு என்பதில் அவருக்குக் குழப்பமே இருந்ததில்லை.

பகைவரிடம் உறுதியாக இருப்பதைவிட நேசிப்பவரிடம் உறுதியாக இருப்பது கடினம். 1918-இல் காந்திஜி கேடா மாவட்டத்தில் உலகப்போருக்கு ஆள் சேர்த்தபோது, அகிம்சையைப் போதித்தவர் இவ்வாறு செய்யலாமா என்று ஆண்ட்ரூஸ் கடிதங்களில் வாதாடினார். 1921-இல் அயல்நாட்டுத் துணிகளை எரிக்கும் இயக்கம் எழுந்தது. ஆண்ட்ரூஸுக்கு அந்த நெருப்பு பிடிக்கவில்லை. ஏழைகள் உடுக்கக்கூடிய துணியை எரிப்பதும், பிற நாட்டாரின் உழைப்பை இழிவென்று கருதுவதும் வெறுப்பையே வளர்க்கும் என்று எழுதினார். தாம் அணியும் கதரையே இனி மனநிறைவோடு அணிய இயலுமா என்ற தயக்கத்தையும் மறைக்கவில்லை. காந்திஜி என்ன செய்தார்? அந்தக் கண்டனத்தைத் தம் ‘யங் இந்தியா’ இதழிலேயே வெளியிட்டு, தம் மறுமொழியையும் அதனுடன் சேர்த்தார். இருவரும் தத்தம் கருத்தில் நின்றனர்; நட்பு ஓர் இழையும் அறுபடவில்லை.

அந்தச் செப்டம்பரில் கல்கத்தாவில் ஜோராசங்கோ இல்லத்தில் காந்திஜியும் தாகூரும் சந்தித்தனர். ஒத்துழையாமை குறித்து இருவருக்கும் கடும் கருத்து வேறுபாடு. மூடிய அறைக்குள் அவர்களுடன் இருந்தவர் ஆண்ட்ரூஸ் ஒருவரே. வெளியே வந்து யார் வென்றார் என்று அவர் பேசித் திரியவில்லை. ஒருவரைப் பற்றி மற்றவரிடம் குறைகூறி, தம் நெருக்கத்தைப் பெருக்கிக்கொள்ளும் ஆசை நடுவில் நிற்பவருக்கு எளிதில் வரும். ஆண்ட்ரூஸிடம் அது தலைகாட்டவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, இந்து முஸ்லிம் ஒற்றுமைக்காகக் காந்திஜி டில்லியில் 21 நாள் உண்ணாவிரதம் இருந்தபோது, அருகிலிருந்து பணிவிடை செய்தவரும் ‘யங் இந்தியா’வைப் பார்த்துக்கொண்டவரும் இதே ஆண்ட்ரூஸ்தான்.

1936-இல் மதமாற்றம் பற்றியும் இருவரும் விவாதித்தனர். உள்ளத்தின் உண்மையான தேடலால் ஒருவர் வேறு சமயத்தைத் தழுவ விரும்பினால் அந்த உரிமை அவருக்கு வேண்டும் என்பது ஆண்ட்ரூஸின் நிலை; காந்திஜிக்கு அது உடன்பாடன்று. ஆண்ட்ரூஸ் தம் நண்பரை ஒருபோதும் தம் சமயத்துக்கு இழுக்க முயலவில்லை. நண்பரை மகிழ்விப்பதற்காகத் தம் நம்பிக்கையைக் குறைத்துச் சொல்லவும் இல்லை.

கொள்கையில் இவ்வளவு தெளிவாகக் கோடு கிழித்தவர், தம் உடல் விஷயத்தில் மட்டும் கோடு எதையும் போட்டுக்கொள்ளவில்லை. எங்கிருந்து ஒரு தந்தி வந்தாலும் புறப்பட்டுவிடுவார். 1915-இல் காலராவில் உயிர் பிழைத்தவர், சில மாதங்களிலேயே பீஜிக்குக் கப்பலேறினார். கையில் வந்த பணமும் உடையும் கேட்டவர் கைக்குப் போய்விடும். 1928-இல் நூலாக வந்த தாகூரின் கடிதங்களைப் படிப்போர், இந்த ஓயாத நண்பரைக் குறித்துக் கவிஞருக்கிருந்த பரிவையும் கவலையையும் உணரலாம். தனிமையும் ஓய்வும் தொண்டனுக்கும் தேவை என்பதை ஆண்ட்ரூஸ் அறிந்திருந்தார், கடைப்பிடிக்கத்தான் முடியவில்லை. அவரைப் போற்றும் நாம் இதையும் சேர்த்தே காணவேண்டும்.

1940 பிப்ரவரியில் காந்திஜி சாந்திநிகேதனம் வந்தபோது ஆண்ட்ரூஸ் கல்கத்தாவில் மருத்துவமனையில் இருந்தார். காந்திஜி அங்கே சென்று அவரைக் கண்டார். ஏப்ரல் 5 அன்று ஆண்ட்ரூஸின் உயிர் பிரிந்தது. லோயர் சர்க்குலர் சாலைக் கல்லறைத் தோட்டத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். மறு ஆண்டு தாகூரும் மறைந்தார். 1942 மே மாதத்தில், நாடே பெரும் போராட்டத்தை நோக்கிச் சென்றுகொண்டிருந்த வேளையில், காந்திஜி பம்பாய்க்குச் சென்று, தீனபந்து நினைவு நிதிக்கென அறிவித்திருந்த ஐந்து லட்சம் ரூபாயில் எஞ்சியிருந்ததைத் திரட்டினார். அந்த நிதி தாகூரின் சாந்திநிகேதனத்துக்கு உரியது.