புகையில் கண்ட பொருள்

கர்நாடகத்தின் முத்தேனஹள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தவர் மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா. இளமையிலேயே தந்தையை இழந்த அவர், பெங்களூரில் கல்லூரியில் பயின்றபோது, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துத் தம் செலவுக்குப் பொருள் ஈட்டினார். புனே நகரில் 1883இல் பொறியியல் கல்வியை முடித்து, அடுத்த ஆண்டே பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் சேர்ந்தார்.

1912இல் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அவரை மைசூர் அரசின் திவானாக அமர்த்தினார். பதவி ஏற்கும் முன் விசுவேசுவரய்யா தம் உறவினரை விருந்துக்கு அழைத்தார். தம்மிடம் எவரும் சலுகை கேட்பதில்லை என்னும் உறுதியைப் பெற்ற பின்னரே அப்பொறுப்பை ஏற்றார்.

அக்காலத்தில் மைசூர்ச் சந்தனக் கட்டைகள் கப்பலேறி அயல்நாடு சென்றன. அங்கேதான் அவற்றிலிருந்து எண்ணெய் வடிக்கப்பட்டது. முதல் உலகப்போர் அவ்வாணிகத்தைத் தடுத்தது. எண்ணெயை நம் நாட்டிலேயே வடிக்கும் முயற்சி தொடங்கியது. மைசூரில் சந்தன எண்ணெய் ஆலை எழுந்தது.

அடுத்து அவர் கருத்து இரும்பின்மீது சென்றது. மைசூர் நாட்டின் மலைகளில் இரும்புத்தாது இருந்தது. அதை உருக்க நிலக்கரி இல்லை. ஆனால் சிவமொக்கா காடுகளில் விறகு மிகுதியாகக் கிடைத்தது. எனவே மரக்கரியைக்கொண்டு இரும்பு உருக்கும் ஆலையைப் பத்ராவதியில் அமைக்கத் திட்டம் உருவாயிற்று.

கரிமூட்டம் போட்டு விறகை எரித்தால் கரி மட்டுமே மிஞ்சும். மற்றவை புகையாய் மறையும். காற்றுப் புகாத வாலையில் விறகைச் சூடாக்கினாலோ அப்புகையைக் குழாய் வழியே செலுத்திக் குளிர்வித்து நீர்மமாக்கலாம். அதில் மரத்தாரும், மெத்தில் ஆல்கஹாலும், காடிக்குப் புளிப்பைத் தரும் அசிட்டிக் அமிலமும் உள்ளன. அவ்வமிலத்தோடு சுண்ணாம்பைச் சேர்த்தால் கால்சியம் அசிட்டேட் கிடைக்கும். அசிட்டோன் செய்வதற்கு அதுவே அந்நாளில் மூலப்பொருள். வீணாகும் புகையையும் விலைபெறச் செய்யும் வகையில், பத்ராவதியில் இரும்பு உலையோடு மரம் வடிக்கும் ஆலையும் சேர்ந்தே அமைந்தது.

1918இல் அவர் திவான் பதவியிலிருந்து விலகினார். 1923இல் ஆலை இயங்கத் தொடங்கியபோது காலம் மாறியிருந்தது. போர்க்காலத்தில் உயர்ந்திருந்த இரும்பின் விலை வீழ்ந்தது. அதே ஆண்டில் ஜெர்மனியில் வாயுக்களிலிருந்தே மெத்தில் ஆல்கஹால் செய்யும் ஆலை தொடங்கியது. பின்னர் மரத்திலிருந்து வடித்த ஆல்கஹாலும் விலை குன்றியது. மக்கள் பணம் வீணாயிற்று என்னும் பழி எழுந்தது. அந்நிலையில் அரசு அவரையே ஆலைக் குழுவின் தலைவராக அழைத்தது. அவர் தயங்கவில்லை. செலவைக் குறைத்தார், உள்நாட்டு இளைஞர்களைப் பயிற்றுவித்துப் பொறுப்பில் அமர்த்தினார். 1929 வரை அப்பணியில் இருந்து ஆலையை நிலைநிறுத்தினார். அதற்குரிய ஊதியத்தைத் தமக்கென எடுத்துக்கொள்ளாமல், பெங்களூரில் தொழிற்பயிற்சிக் கூடம் ஒன்று அமைய வழங்கினார்.

1955இல் பாரத ரத்னா விருது பெற்ற அப்பெருமகனார் 1962இல் மறைந்தார். பத்ராவதி ஆலை பின்னாளில் அவர் பெயரையே தாங்கியது. அவர் பிறந்த செப்டம்பர் 15 பொறியாளர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

இன்று தாவர எண்ணெயிலிருந்து உயிரி டீசல் செய்யும்போது கிளிசரால் மிஞ்சுகிறது. அதனை மதிப்புமிக்க வேதிப்பொருள்களாக்க அறிவியலாளர் முயல்கின்றனர். பத்ராவதியின் புகைக்குழாய்கள் அன்றே உணர்த்திய பாடம் அது: கழிவென்று ஒதுக்கும் முன் அதனுள் இருப்பது என்னவென்று ஆராய்தல் வேண்டும்.

விடையளிக்க

1. பத்ராவதியில் மரக்கரியைப் பயன்படுத்தத் திட்டமிட்டது ஏன்?
2. கரிமூட்டத்திற்கும் வாலைக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. உங்கள் ஊரில் வீணாகும் பொருள் ஒன்றைப் பயனுள்ளதாக்கும் வழியை ஐந்து வரிகளில் எழுதுக.