திருப்பதி சாலையில் வானத்துக்குக் காது கொடுக்கும் ரேடார்: யார் இந்த சிசிர் குமார் மித்ரா?

வேலூர், சித்தூர் வழியாகத் திருப்பதிக்கு காரில் போயிருக்கிறீர்களா? அப்படியென்றால் காதங்கியைக் கடந்திருப்பீர்கள். ஊர் பெயர் மறந்திருந்தாலும் அங்கே உள்ள சுங்கச்சாவடி நினைவிருக்கலாம்.

இந்த ஊரில் 1,024 ஆன்டெனாக்கள் வரிசை வரிசையாக வானத்தைப் பார்த்து நிற்கின்றன. மத்திய அரசின் விண்வெளித் துறையைச் சேர்ந்த தேசிய வளிமண்டல ஆய்வகத்தின் ரேடார் அது. 53 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் வானொலி அலைகளை மேலே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் பதிவு செய்கிறது. தொடக்கத்தில் அதன் உச்ச திறன் 2.5 மெகாவாட்டாக இருந்தது.

தரையில் இருந்துகொண்டே வானத்தின் உச்சியை அளக்கும் இந்த வேலையை இந்தியாவில் தொடங்கி வைத்தவர் சிசிர் குமார் மித்ரா. சி.வி. ராமனை உங்களுக்குத் தெரியும், மேக்நாத் சாஹாவையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர்கள் காலத்தில் கொல்கத்தாவில் வாழ்ந்த இவரைப் பற்றி நம் பக்கம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

ஒளியிலிருந்து வானொலிக்கு

மித்ரா பிறந்தது 1890-இல். பிரசிடென்சி கல்லூரியில் படித்தார். பிறகு ராமனின் வட்டத்தில் சேர்ந்து ஒளியியலில் ஆய்வு செய்து, 1919-இல் கொல்கத்தா பல்கலைக்கழகத்தில் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். அடுத்து பாரிஸ் போய் இன்னொரு முனைவர் பட்டம். மேரி கியூரியின் ஆய்வகத்திலும் சில காலம் இருந்தார்.

அதுவரை அவர் ஒளியியல்காரர்தான். நான்சி நகரில் கமில் குட்டோனின் ஆய்வகத்தில் ரேடியோ வால்வுகளைப் பார்த்ததும் பாதை மாறியது. இந்தியாவில் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கற்றுத்தராத பாடம் அது. நாமே தொடங்குவோம் என்று துணைவேந்தர் அசுதோஷ் முகர்ஜிக்குக் கடிதம் எழுதினார். அவரும் சம்மதித்தார். 1923-இல் பேராசிரியராகத் திரும்பிய மித்ரா, எம்.எஸ்சி. பாடத்தில் வயர்லெஸ்ஸைச் சேர்த்தார். கொல்கத்தாவில் முறையான வானொலி நிலையம் 1927-இல்தான் வந்தது. அதற்கு முன்பே இவருடைய ஆய்வகம் 2சிஇசட் என்ற அழைப்புக்குறியுடன் நிகழ்ச்சிகளை ஒலிபரப்பிக்கொண்டிருந்தது.

மேலே போன அலை ஏன் திரும்பி வருகிறது?

சூரியனின் புற ஊதாக் கதிர்கள் மேல் வளிமண்டலத்தின் அணுக்களைத் தாக்கி எலக்ட்ரான்களைப் பிரித்துவிடுகின்றன. இப்படி மின்னேற்றம் பெற்ற வாயுதான் பிளாஸ்மா. இந்தப் பகுதிக்கு அயனி மண்டலம் என்று பெயர்.

கீழிருந்து வானொலி அலை வந்தால், அங்கே உள்ள எலக்ட்ரான்களும் அதோடு சேர்ந்து ஆடும். அலையின் அதிர்வெண் ஓர் எல்லைக்குக் கீழே இருந்தால், அந்த ஆட்டமே அலையைத் தரைக்குத் திருப்பிவிடும். அதற்கு மேலே இருந்தால் அலை ஊடுருவிப் போய்விடும். அந்த எல்லை எங்கே என்பது எலக்ட்ரான்களின் அடர்த்தியைப் பொறுத்தது. ஆக, எந்த அதிர்வெண் வரை எதிரொலி வருது, எவ்வளவு நேரத்தில் வருது என்று பார்த்தாலே போதும். உயரமும் அடர்த்தியும் தெரிந்துவிடும். 100 கிலோமீட்டர் உயரத்திலிருந்து எதிரொலி வர ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

உங்கள் அப்பாவோ தாத்தாவோ இரவில் மட்டும் தூரத்து ஸ்டேஷன்கள் தெளிவாகக் கேட்கும் என்று சொல்லியிருப்பார்கள். பகலில் அயனி மண்டலத்தின் கீழடுக்கு மீடியம் வேவ் அலைகளை விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கரைந்துபோகும். அலைகள் மேலடுக்கில் பட்டுத் தொலைதூரம் போய்ச் சேரும்.

இங்கிலாந்தில் எட்வர்ட் ஆப்பிள்டன் 1924-இல் பிபிசி ஒலிபரப்பைக் கொண்டே இந்த அடுக்குகள் இருப்பதை நிறுவினார். 1930-இல் மித்ராவின் குழு, 'இ' அடுக்கு இருப்பதற்கான சோதனைச் சான்றை இந்தியாவில் முதன்முறையாகப் பெற்றது. பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க அயனி மண்டலத்தின் குணமே வேறு. ஐரோப்பாவில் எடுத்த அளவுகளை நமக்குப் பொருத்திப் பார்க்க முடியாது. அதனால் இங்கேயே அளந்தாக வேண்டியிருந்தது.

பதிப்பாளர் கிடைக்காத புத்தகம்

என்னைக் கேட்டால், மித்ராவின் பெரிய சாதனை ஒரு புத்தகம்தான். மேல் வளிமண்டலம் பற்றி அதுவரை உலகெங்கும் சிதறிக் கிடந்த ஆய்வுகளைப் பல ஆண்டுகள் உழைத்து ஒரே நூலில் தொகுத்தார். பெயர் 'தி அப்பர் அட்மாஸ்பியர்'.

ஆனால் பதிப்பாளர்கள் தயங்கினார்கள். இவ்வளவு நுணுக்கமான புத்தகத்தை யார் வாங்குவார்கள் என்ற கவலை அவர்களுக்கு. கடைசியில் கொல்கத்தாவின் ஏசியாட்டிக் சொசைட்டி 1947-இல் அதை வெளியிட்டது. 1952-இல் இரண்டாம் பதிப்பு தேவைப்பட்டது. 1955-இல் ரஷ்ய மொழியில் வந்தது. ஸ்புட்னிக் ஏவப்படுவதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன்பு!

1949-இல் கொல்கத்தா பல்கலைக்கழகத்தில் வானொலி இயற்பியலுக்கென்றே தனி நிறுவனம் தொடங்கினார். ஹரிங்கட்டாவில் அயனி மண்டல ஆய்வு நிலையம் அமைத்தார். 1958-இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார்.

காதங்கிக்கு வந்த வழி

மித்ராவிடம் ஆய்வு மாணவராக இருந்தவர் அசேஷ் பிரசாத் மித்ரா. 1980-களில் இந்திய நடு வளிமண்டலத் திட்டத்தை முன்னின்று நடத்தியவர் இவர். காதங்கி ரேடார் அந்தத் திட்டத்திலிருந்து பிறந்ததுதான்.

53 மெகாஹெர்ட்ஸ் அலையை அயனி மண்டலம் முழுசாகத் திருப்பி அனுப்பாது. அலை பெரும்பாலும் ஊடுருவிப் போய்விடும். ஆனால் பிளாஸ்மாவில் சுமார் 2.8 மீட்டர், அதாவது அலைநீளத்தில் பாதி அளவுள்ள ஒழுங்கற்ற திரிதல்கள் இருந்தால், அவற்றில் பட்டு மெல்லிய எதிரொலி வரும். பூமத்திய ரேகையை ஒட்டிய பகுதிகளில் சூரியன் மறைந்த பிறகு பிளாஸ்மா அடர்த்தி குறைந்த 'குமிழிகள்' மேலெழும்புவது உண்டு. அவற்றின் ஊடே வரும் ஜிபிஎஸ் சிக்னல் சிமிட்டும், சில சமயம் அறுந்தும் போகும். உங்கள் ஃபோன் மேப்பை விட, துல்லியம் கட்டாயமான விமானப் போக்குவரத்துக்குத்தான் இது பெரிய தலைவலி. இந்தக் குமிழிகள் எப்போது, எப்படிக் கிளம்புகின்றன என்பதை காதங்கி ரேடார் பின்தொடர்கிறது.

மித்ரா இதையெல்லாம் பார்க்கவில்லை. 1963 ஆகஸ்ட் 13 அன்று காலமானார். மூன்று மாதம் கழித்து, நவம்பர் 21 அன்று, தும்பாவிலிருந்து இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் அவர் தரையிலிருந்தே அளந்த அந்த மேல் வளிமண்டலத்தை நோக்கிக் கிளம்பியது.

நிலவில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். அது இருப்பது நிலவின் மறுபக்கத்தில். நாம் இங்கிருந்து அனுப்பும் வானொலி அலை நேராகப் போய்ச் சேர முடியாத பக்கம் அது.