ஹாலிதா எதிப்: புண் ஆற்றிய கரமும் பேனா பிடித்த கரமும்

அகழ்ப்போரில் காயமுற்றோருக்கு மதீனாப் பள்ளிவாசலில் கூடாரமிட்டு மருந்திட்ட ருஃபைதா (ரலி) அம்மையாரை இஸ்லாமிய வரலாறு நன்றியோடு போற்றுகிறது. அந்தச் சேவை மரபில் வந்து, செவிலியாகவும் இதழாளராகவும் நாவலாசிரியராகவும் விளங்கிய துருக்கிப் பெருமாட்டி ஹாலிதா எதிப் அம்மையாரின் வாழ்வை நம் மாணவச் செல்வங்கள் அறிந்துகொள்வது பயனுடையதெனக் கருதுகிறோம்.

1884ஆம் ஆண்டு இஸ்தான்புல் நகரில் பிறந்தவர் அம்மையார். தந்தையார் எதிப் பே, சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதின் அரண்மனையில் செயலராகப் பணியாற்றியவர். தாயாரைக் காசநோய் இளமையிலேயே கவர்ந்து சென்றது. பாட்டியாரின் அரவணைப்பில் வளர்ந்த அம்மையார், உஸ்குதார் பகுதியிலிருந்த அமெரிக்க மகளிர் கல்லூரியில் பயின்று 1901இல் பட்டம் பெற்றார். அக்கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் துருக்கிய முஸ்லிம் பெண் அவரே.

அதே ஆண்டில் கணித அறிஞர் ஸாலிஹ் ஸக்கீயை மணந்து இரு ஆண்மக்களுக்குத் தாயானார். 1908இல் அரசியல் சட்டம் மீண்டும் உயிர்பெற்றபோது ‘தனீன்’ நாளிதழில் பெண்கல்வி குறித்து எழுதத் தொடங்கினார். அவ்வெழுத்தே அவருக்குப் பகையைத் தேடித் தந்தது. 1909ஆம் ஆண்டுக் கலகத்தின்போது குழந்தைகளுடன் எகிப்துக்குத் தப்பிச் செல்ல நேர்ந்தது. மறு ஆண்டு, கணவர் இன்னொரு மனைவியை மணக்க முற்பட்டபோது அம்மையார் மணவிலக்குப் பெற்றுப் பிரிந்தார்.

1912இல் பால்கன் போர் மூண்டது. காயமுற்ற வீரர்களும் வீடிழந்த அகதிகளும் இஸ்தான்புல்லில் நிறைந்தனர். அம்மையாரும் தோழியரும் தாம் நிறுவிய மகளிர் சங்கத்தின் சார்பில் சிறு மருத்துவமனை ஒன்றை நடத்தினர். குடும்பப் பெண்கள் அந்நிய ஆடவரின் புண்ணுக்குக் கட்டுப்போடுவது அந்நகரம் அதுவரை அரிதாகவே கண்ட காட்சி. அந்நாளில்தான் நம் இந்தியாவிலிருந்து டாக்டர் எம்.ஏ. அன்சாரி தலைமையில் ஒரு மருத்துவக் குழுவும் துருக்கியருக்கு உதவச் சென்றது. அந்த உறவு பின்னாளில் கனிந்ததை மேலே காண்போம்.

பெரியோர் வாழ்வை எழுதுங்கால் குறையை மறைத்தல் நேர்மையன்று. முதல் உலகப் போரின்போது ஜமால் பாஷாவின் அழைப்பை ஏற்று சிரியாவிலும் லெபனானிலும் கல்விப் பணியாற்றிய அம்மையார், ஐன்தூரா அநாதை இல்லத்தையும் மேற்பார்வையிட்டார். அங்கே ஆர்மீனியச் சிறாருக்குத் துருக்கியப் பெயர்கள் சூட்டப்பட்டன. அதனைத் தாம் ஆட்சேபித்ததாக அவர் பின்னர் எழுதினார். ஆயினும் பொறுப்பைத் துறக்கவில்லை. பெற்றோரை இழந்த பிள்ளையிடமிருந்து பெயரையும் பறிப்பது கருணையாகாது. மார்க்கத்தில் வற்புறுத்தல் இல்லையென்னும் திருமறை நெறிக்கும் அது பொருந்தாது. இந்தக் கறையை நாமும் மறவாதிருத்தல் வேண்டும்.

1917இல் டாக்டர் அத்னானை மணந்தார். 1919 மே மாதம் கிரேக்கப் படை இஸ்மீரில் இறங்கியது. சுல்தான் அஹ்மத் சதுக்கத்தில் திரண்ட பெருங்கூட்டத்தின் நடுவே அம்மையார் ஆற்றிய உரை நாட்டையே தட்டியெழுப்பியது. மறு ஆண்டு நேச நாடுகள் தலைநகரை ஆக்கிரமித்தபோது, கணவருடன் தப்பி அங்காரா சேர்ந்தார். அங்கே யூனுஸ் நாதியுடன் சேர்ந்து அனதோலு செய்தி நிறுவனம் பிறக்கக் காரணமானார். இஸ்தான்புல் அரசு முஸ்தபா கமாலுக்கு மரண தண்டனை விதித்தபோது, அதே பட்டியலில் அம்மையாரின் பெயரும் இருந்தது.

1921இல் பேனாவை வைத்துவிட்டு எஸ்கிஷெஹிர் மருத்துவமனையில் மீண்டும் செவிலியானார். 22 நாட்கள் நீண்ட சக்கர்யாப் போரின்போது படையில் சேர்ந்து, ‘ஓன்பாஷி’ என்னும் சிறு பதவியில் போர்முனைத் தலைமையகத்தில் பணியாற்றினார். எரிந்த ஊர்களில் மக்கள் பட்ட துன்பங்களைப் பதிவு செய்யும் பணியும் அவர்மீது விழுந்தது.

வெற்றி வந்தது, குடியரசு மலர்ந்தது. ஆனால் அம்மையாருக்கு அங்கு இடமில்லாமற் போயிற்று. கணவர் சார்ந்திருந்த எதிர்க்கட்சி 1925இல் தடைசெய்யப்பட்டது. ஒருவர் கையில் ஆட்சி முழுதும் குவிவதை ஏற்காத தம்பதியர் இங்கிலாந்திலும் பிரான்சிலுமாக ஏறத்தாழ 14 ஆண்டுகளைக் கழித்தனர். எந்த நாட்டுக்காக மரண தண்டனையை ஏற்றாரோ, அந்த நாட்டையே தொலைவிலிருந்து காணும் நிலை! விடுதலைப் போரின் வரலாற்றை 1927இல் முஸ்தபா கமால் தம் நெடிய சொற்பொழிவில் கூறினார். 1928இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் அம்மையார் தாம் கண்டதைக் கண்டபடி எழுதினார்.

1935இல் டாக்டர் அன்சாரியின் அழைப்பை ஏற்று டில்லிக்கு வந்தார். பழைய மருத்துவக் குழுவின் நட்பு இங்ஙனம் கனிந்தது. அப்போது வறுமையில் நடந்துகொண்டிருந்த ஜாமியா மில்லியா இஸ்லாமியாவில் தொடர் சொற்பொழிவுகள் ஆற்றினார். காந்தியடிகளும் அங்கு வந்து கலந்துகொண்டார். அப்பயணத்தின் பயனாக 1937இல் இந்தியாவைப் பற்றிய அவருடைய ஆங்கில நூல் வெளிவந்தது.

1939இல் தாயகம் திரும்பியவர், மறு ஆண்டே இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியப் பேராசிரியரானார். 1950 முதல் 1954 வரை நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். 1964 ஜனவரி 9ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

தம் நாட்டை நேசிப்பதும் ஆள்வோரின் சொல்லுக்கெல்லாம் தலையசைப்பதும் ஒன்றல்ல என்பதை அம்மையார் வாழ்ந்து காட்டினார். தலையசைக்க மறுத்த இடத்தில் அவர் உயர்ந்தார். ஐன்தூராவில் பணிந்துபோன இடத்தில் தாழ்ந்தார். இவ்விரண்டும் நமக்குப் பாடமே. கல்வி கற்று வெளியேறும் நம் மாணவ மாணவியர் பிறர் புண்ணுக்கு மருந்திடும் கரத்தையும், உண்மையை எழுதும் பேனாவையும் ஒருங்கே பெற்றிட வல்ல இறைவன் அருள்புரிவானாக!